கீமோவுக்கு முன் 40 நாள் உபவாசமா? ஜெபிக்க வாய் வராதவர் என்ன செய்வது?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு. நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்கிறேன். உங்கள் கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாம் நிலை. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் கீமோ தொடங்க நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் குழுவின் தலைவரோ, முதலில் 40 நாள் உபவாசம் இருந்து ஜெபியுங்கள், மருந்தை நம்பினால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்கிறார். மாமியார் ‘யார் செய்த பாவமோ’ என்று உங்கள் காதில் விழும்படி சொல்கிறார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை எடுக்கிறீர்கள். முழங்காலில் நின்றால் அழுகை வருகிறது, வார்த்தை வரமாட்டேன் என்கிறது. கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது: ஜெபிக்கக்கூட முடியாத என் விசுவாசக் குறைவால் அவர் செத்துப்போய்விடுவாரா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இறையியல் படித்து, நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் ஆற்றுப்படுத்தும் பணியில் பல ஆண்டுகள் இருக்கும் ஒருவரின் பதில் இது. மருந்து பற்றி நான் சொல்வது பொதுவாக எல்லாப் புற்றுநோய்ப் பிரிவிலும் சொல்லப்படுவது. உங்கள் கணவருக்கான மருந்தும் அளவும் அவருடைய டாக்டர் சொல்வதுதான்.

நாள் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது காத்திருக்காது. மூன்றாம் நிலைக் குடல் புற்றுநோயில் கட்டியை எடுத்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத செல்கள் உடம்பில் எங்காவது ஒட்டியிருக்கலாம். அவற்றை அழிக்கத்தான் கீமோ. நோய் திரும்ப வரும் வாய்ப்பை அது குறைக்கிறது என்பது பல பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆபரேஷன் முடிந்து 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவதுதான் வழக்கம். அதைத் தாண்டத் தாண்டப் பலன் குறைகிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே 21 நாள் போயிற்று. அதோடு 40 நாளைக் கூட்டினால் 61. எட்டு வாரம் என்பது 56 நாள்தான். அந்த 40 நாள் முடியும்போது வாசல் பாதி சாத்தியிருக்கும். காயம் ஆறவில்லை, ரத்த அணுக்கள் குறைவு, காய்ச்சல் என்று டாக்டரே நாளைத் தள்ளினால் அது வேறு. உபவாசத்துக்காகத் தள்ளாதீர்கள். ஜெபம் கீமோ நாளன்றும் நடக்கலாம், அந்த நாற்காலியிலேயே நடக்கலாம்.

இனி அந்தத் தலைவர் சொன்னது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ஜெபித்தார், ஆண்டவர் கேட்டேன் என்றார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் வைக்கச் செய்தார், இராஜா பிழைத்தார் (2 இராஜாக்கள் 20). ஜெபத்துக்குப் பதில் கிடைத்த பிறகு மருந்து போட்டிருக்கிறார்கள், கவனியுங்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். நீங்கள் பிறந்த வீடு ஆர்.சி. என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன்: கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தின் முதல் 15 வசனங்கள் இந்தக் கேள்விக்கே எழுதியதுபோல இருக்கும். மருந்தை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவர், நோயில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்று வரிசையாகச் சொல்கிறது. உங்கள் புகுந்த வீட்டின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வேதாகமத்தில் அந்த நூல் இருக்காது. மாமியாரிடம் பேசும்போது எசேக்கியாவையே எடுங்கள்.

நம் பகுதிக்கு இது புதிய கருத்தும் இல்லை. நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் மருத்துவப் பணியைத் தொடங்கியது 1838இல். பிறகு அங்கே வந்த சோமர்வெல் எவரெஸ்ட் ஏறப்போன புகழையெல்லாம் விட்டுவிட்டு வருஷக்கணக்காக ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனை கேத்தரின் பூத் மருத்துவமனையைக் கட்டியது. நமக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர்களே கத்தியையும் மருந்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கச் சொல்பவர் இந்த மண்ணின் சபை மரபுக்கு வெளியே நின்று பேசுகிறார்.

பாவம் பற்றிய பேச்சு. பிறவிக் குருடனைக் கண்டதும் சீடர்கள் கேட்டது உங்கள் மாமியார் கேட்பதையேதான்: இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா? இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னார் (யோவான் 9). யோபுவின் நண்பர்கள் இதே கணக்கைப் போட்டுத்தான் கடைசியில் ஆண்டவரிடம் திட்டு வாங்கினார்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். மகனைப் பற்றிய பயம்தான் அப்படிப் பேசவைக்கிறது, அவர் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் பேச்சு குறையும். “மாமி, நாம ஜெபிப்போம், மருந்தும் எடுப்போம். அவருக்குக் காலைல கஞ்சி நீங்க வச்சுத் தந்தா நல்லா சாப்பிடுவார்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உங்கள் சேகரத்து ஐயரை, அதாவது சபைப் போதகரை, வீட்டுக்கு அழைத்து, யோவான் 9ஐ அவர் வாயால் வாசிக்கச் சொல்லுங்கள். மருமகள் சொல்லிக் கேட்காததை ஐயர் சொல்லிக் கேட்பார்கள்.

இப்போது உங்களுடைய உண்மையான கேள்விக்கு வருகிறேன். வார்த்தை வராதது விசுவாசம் செத்துப்போனதற்கு அடையாளம் இல்லை. அதிர்ச்சியிலும் தூக்கமின்மையிலும் வாக்கியம் கோப்பதே மூளைக்குச் சிரமமாகிவிடும். ஜெபத்தில் மட்டுமா, ரேஷன் கடையில் என்ன வாங்க வந்தோம் என்பதும் மறந்துபோகும். ரோமர் 8:26, என்ன ஜெபிப்பது என்று தெரியாத நேரத்தை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறது: அப்போது ஆவியானவர் பெருமூச்சுகளோடு வேண்டுகிறார். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே மாற்கு எழுதும் வார்த்தையைப் பாருங்கள். ‘அவர்கள் விசுவாசத்தை’ இயேசு கண்டார் என்றுதான் இருக்கிறது. படுத்திருந்தவன் வாய்திறந்து ஜெபித்ததாக ஒரு வரியும் இல்லை. வலிப்பு வந்த பையனின் தகப்பன் சொன்னதும் பாதி ஜெபம்தான்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” அந்தப் பாதி ஜெபத்துக்குப் பையன் குணமானான். விசுவாசத்தை அளந்து, அளவு போதாவிட்டால் நோயாளியைச் சாகவிடும் ஆண்டவரை நான் வேதத்தில் பார்த்ததில்லை.

எப்படி ஜெபிப்பது என்று கேட்டீர்கள். இந்தக் காலத்துக்கு நீண்ட ஜெபம் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போதும். நேரத்தை ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: காலையில் காப்பி கொதிக்கும்போது, மருத்துவமனையில் டோக்கன் எடுத்து உட்கார்ந்ததும், இரவில் விளக்கை அணைத்ததும். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துவிட்டு நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்க முயலாதீர்கள். மூன்றாம் நாளே உடம்பு விழுந்துவிடும், அந்தக் குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

அந்த ஐந்து நிமிடத்தில் சொந்த வார்த்தை தேடவேண்டியதில்லை. புலம்பலாகவே எழுதப்பட்ட சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கின்றன. உங்கள் அம்மா வீட்டில் திருப்பாடல் என்பார்கள், எண் ஒன்றேதான். முதலில் 13ஐ எடுங்கள், ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று நாலு தடவை கேட்கிறது. இதுதான் முறையீடு. பிறகு இரண்டு வசனத்தில் வேண்டியதைக் கேட்கிறது. கடைசி இரண்டில் பழைய நன்மையை நினைத்துச் சாய்ந்துகொள்கிறது. இதே மூன்று படியில் ஒரு தாளில் உங்களுடையதை எழுதுங்கள்: என்ன வலிக்கிறது என்று இரண்டு வரி, என்ன வேண்டும் என்று ஒரு வரி, முன்பு எப்போது தாங்கினார் என்று ஒரு வரி. கடைசி வரி வராவிட்டால் காலியாக விடுங்கள். சங்கீதம் 88 அப்படித்தான் இருளிலேயே முடிகிறது, யாரும் அதை வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. சிலுவையில் இயேசு சொன்னதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” இதை ஜெபமாகச் சொன்னவரைப் பின்பற்றுகிறோம், கோபத்தை ஆண்டவரிடம் சொல்ல நமக்குத் தடை இல்லை.

வாசிக்கவும் முடியாத நாளில் மூச்சோடு ஜெபியுங்கள். இழுக்கும்போது மனதுக்குள் ‘ஆண்டவரே’, விடும்போது ‘இரங்கும்’. விடும் மூச்சு இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். பத்து மூச்சு போதும். மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கோயில்களில் ‘குறியேலாயிசோன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதே இரக்கம்தான். ஜெபமாலை தெரிந்தவராக இருந்தால் மணியை உருட்டுங்கள், புகுந்த வீட்டுக்காக அதை மறைக்கவேண்டாம். 2001இல் இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் 23 பேரை வைத்துப் பார்த்தபோது, ஜெபமாலையை லத்தீனில் சொல்கையில் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பும் அதோடு இசைந்தது. இதை நான் பெரிய ஆதாரமாகச் சொல்லவில்லை, ஆட்கள் மிகக் குறைவு. பதற்றத்தில் மூச்சு எகிறும் ஒருவருக்கு அது ஏன் இதமாக இருக்கிறது என்று புரிய உதவும், அவ்வளவுதான்.

பஸ்ஸில் போகும் நேரத்தையும் பயன்படுத்தலாம். ஊரை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாறசாலை வரும்வரை அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள். நெய்யாற்றின்கரை வரை பிள்ளைகளுக்காக. பாலராமபுரம் தாண்டினால் டாக்டருக்கும், ஊசி போடும் நர்சுக்கும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும். கேட்பதைக் கேளுங்கள், சின்னதாகவும் கேளுங்கள். ‘இன்றைக்கு நரம்பு சீக்கிரம் கிடைக்கட்டும்’, ‘சாயந்திரம் ஒரு தோசையாவது வாந்தி எடுக்காமல் நிற்கட்டும்’ என்பதெல்லாம் முழு ஜெபம்தான். பலர் எடுத்த எடுப்பில் ‘உம் சித்தம்’ என்று முடித்துவிடுகிறார்கள். கெத்செமனேயில் இயேசு முதலில் ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்’ என்று கேட்டார், அதற்குப் பிறகுதான் ‘உம்முடைய சித்தம்’ வருகிறது. அதையும் ஒரே வார்த்தையில் மூன்று தடவை கேட்டார் என்கிறது மத்தேயு. திரும்பத் திரும்ப அதையே கேட்பது குறையல்ல.

மற்றவர்களின் ஜெபத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஐந்தாறு பேரை நீங்களே தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு நாள் கொடுங்கள், அன்றைக்கு எதற்கு ஜெபிக்கவேண்டும் என்று ஒரு வரி அனுப்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படுக்கையில் இருக்கும் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். போட்டால் ஜெபத்தோடு கஷாயம், கனவு, தீர்க்கதரிசனம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கணவரின் படுக்கையருகே ஜெபிக்கும்முன் ‘இப்போ ஜெபிக்கட்டுமா’ என்று அவரையே கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு நிமிடம். வேண்டாம் என்றால் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள்.

ஜெபத்தால் உடம்பு நோய் குணமாகிறதா என்று யாராவது ஆய்வைக் காட்டினால் இதையும் தெரிந்துவையுங்கள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் செய்த ஜெபத்தால் சிக்கல்கள் குறையவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபம் உண்டோ இல்லையோ என்று தெரியாமலே ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம். இதை வைத்து ஜெபம் வீண் என்பதும் சரியில்லை. எழுதிக்கொடுத்த ஒரு வாக்கியத்தை அந்நியர் சொன்னதைத்தான் அது அளந்தது, மனைவி கணவனுக்காக அழுததை எந்த அளவுகோலும் அளக்கவில்லை. ஆண்டவர் ஒருவரை எழுப்பி இன்னொருவரை ஏன் எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு எந்தப் போதகரிடமும் பதில் கிடையாது, என்னிடமும் கிடையாது. ‘மாம்சத்தில் முள்’ என்று தான் சொன்ன வேதனையை நீக்கும்படி மூன்று முறை கேட்ட பவுலுக்குக் கிடைத்தது “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான். கீமோவின் இடத்தில் ஜெபத்தை வைக்க ஆதாரம் இல்லை, இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேராகப் பொருந்தும். மருத்துவமனையில் இருந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கவனித்தார்கள், 2001இல் வெளிவந்தது. ஆண்டவர் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற போராட்டத்தில் இருந்தவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. அந்த எண்ணம்தான் கொன்றது என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு ஒருவரைத் தனியே விடக்கூடாது என்று நான் நினைக்க அது போதும். ஐயரிடமோ, அச்சனிடமோ (கத்தோலிக்கக் குருவிடமோ), நம்பகமான ஒரு தோழியிடமோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உபவாசம். உங்கள் கணவர் கூடவே கூடாது. ஆபரேஷன் காயம் ஆறவும், அடுத்த ஊசியைத் தாங்கவும் எடை வேண்டும். நீங்களும் இப்போது வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம்: கைநடுக்கம், வியர்வை, தலைசுற்றல். ஜெபக்கூட்டத்தில் இதை ‘ஆவியின் அசைவு’ என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உபவாசத்தின் பொருளைக் காக்க வேண்டுமானால் இரவு போனையும் அறிவுரைகளையும் விலக்கி வையுங்கள், அதுவும் விரதம்தான். எலியா சாகவேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது தூதன் முதலில் செய்தது அடையைச் சுட்டுக் கொடுத்துத் தூங்கவிட்டது, இரண்டு தடவை. பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5இல் உள்ளது, செய்யுங்கள். சபையின் மூப்பரை அழைக்கச் சொல்கிறது அந்த வசனம். சி.எஸ்.ஐ.யில் ஐயரை, ஆர்.சி.யில் பங்குத்தந்தையைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் கேட்கலாம், சாகும் தறுவாய்க்கு மட்டும் உரியது அது என்பது பழைய நினைப்பு. நெற்றியிலும் கையிலும் பூசினால் போதும், ஆபரேஷன் காயத்தில் ஒரு துளிகூட வேண்டாம். ஜெபித்த தண்ணீர், உப்பு, எண்ணெய் என்று எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டிய சூழல் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறினால் சில நாள் குளிர்ந்த தண்ணீர் தொண்டையைப் பிடிப்பதுபோல இருக்கும், பிரிட்ஜில் வைத்தது எதுவும் ஆகாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி எந்நேரமானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கீமோ காலத்தில் வெள்ளணு குறைந்திருக்கும்போது அந்தக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கு உலைவைக்கலாம். ஜெபத்தை ஆட்டோவில் ஏறிய பிறகு தொடங்குங்கள்.

காணிக்கை கேட்டால், பொருத்தனை செய்யச் சொன்னால், இப்போது எதுவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நேர்ந்துகொண்டு செலுத்தாமல் இருப்பதைவிட நேர்ந்துகொள்ளாமலே இருப்பது நல்லது என்று பிரசங்கி 5 சொல்கிறது. பயத்தில் வாய்விடும் பொருத்தனை பிறகு கடனாக வந்து நிற்கும். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று நோட்டீஸ் அடித்து மருந்தோ மந்திரமோ விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பணம் வாங்கிக்கொண்டு குணமாக்குவதாகச் சொல்பவரை வாசலிலேயே அனுப்புங்கள். உங்கள் வீட்டுத் தலைவர் பணம் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை, நல்ல எண்ணத்தில் தவறாகச் சொல்லியிருக்கலாம். “ஐயா, 40 நாளும் ஜெபியுங்கள், கீமோ நாளிலும் சேர்த்து ஜெபியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் இணங்காமல் பயமுறுத்தினால் அவர் வருகையைக் கொஞ்ச நாள் நிறுத்துவதில் பாவமில்லை.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாமல் போனால், இல்லை செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, காசில்லை, தமிழில் பேசலாம். வலி, வாந்தி, வாய்ப்புண் இவற்றைத் தணிக்கும் நோய்த்தணிப்புப் பிரிவு உண்டா என்று மருத்துவமனையில் கேளுங்கள். அது கடைசிக் காலத்துக்கு மட்டுமானது என்று பயப்படவேண்டாம், கேரளம் இதில் 1990களிலிருந்தே முன்னோடி.

ஞாயிறு ஆராதனைக்குப் போகமுடியாதது பாவமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. மருந்து ஏறிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள்வரை பொதுவாக அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும், அந்த வாரம் அவரைக் கூட்டத்துக்கே கூட்டிப்போகாதீர்கள், வீட்டு ஜெபக்கூட்டமும் வேண்டாம். ஐயரிடம் சொன்னால் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். பொதுப் பாத்திரம் வேண்டாம், அவருக்குத் தனியாக ஒரு சின்ன டம்ளர் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாய்ப்புண் இருந்தால் அப்பத்தைத் துளியாகப் பிட்டு ரசத்தில் நனைத்துக் கொடுத்தால் போதும். இருமலோ சளியோ இருப்பவர் அன்றைக்கு வீட்டுக்குள் வரவேண்டாம், அது ஐயராக இருந்தாலும்.